கரண்ட் வைத்த பிறகு சிறுநீரில் ரத்தம்: சுட்டு அடைப்பதா, ஆக்சிஜன் அறையா?

அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்து, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்து, ஆறு வருடம் ஓடிவிட்டது. போன ஐப்பசியில் ஒருநாள் காலை சிறுநீர் பீட்ரூட் சாறு மாதிரி போனது. மதியத்துக்குள் ரத்தக்கட்டி அடைத்து, ஒரு சொட்டுகூட வரவில்லை. அந்த நேரத்தில் எது நல்லது என்று யோசிக்க இடமே இல்லை, எமர்ஜென்சிதான். கதீட்டர் (சிறுநீர்ப்பைக்குள் விடும் குழாய்) போட்டு, கட்டிகளைக் கழுவி எடுத்து, சலைன் விட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கதிர்வீச்சு சிறுநீர்ப்பையின் நுண்ணிய ரத்தக்குழாய்களை மெல்ல அடைத்துவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்த சுவரில் புதிதாகக் கிளைக்கும் குழாய்கள் லேசில் உடையும். பத்து வருடம் கழித்துக்கூட இது வரலாம்.

சிஸ்டோஸ்கோபியில், அதாவது சிறுநீர்ப்பைக்குள் கேமரா குழாய் விட்டு, கசியும் இடத்தைப் பார்த்து மின்சாரத்தாலோ லேசராலோ சுடுவது ஒரு வழி. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் யூராலஜி துறையினர் செய்வார்கள். ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். ஆனால் சுவரின் பலவீனம் அப்படியே இருக்கும். பக்கத்திலேயே இன்னொரு குழாய் உடையலாம். கதிர்வீச்சு பட்ட இடத்தில் சுட்ட புண் ஆறவும் நாளாகும்.

ஆக்சிஜன் அறையோ வேரைத் தொடுகிறது. ஏறத்தாழ 2.4 மடங்கு காற்றழுத்தத்தில் சுத்த ஆக்சிஜனை ஒன்றரை மணி நேரம் சுவாசிக்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 30 முதல் 40 முறை. மெல்ல நல்ல ரத்தக்குழாய்கள் வளரும். 2019-இல் வெளிவந்த நார்டிக் நாடுகளின் ஆய்வில், வழக்கமான சிகிச்சையைவிட இதில் தொந்தரவு அதிகம் குறைந்தது. காது வலிக்கலாம், கொஞ்ச நாள் பார்வை மங்கலாம். நுரையீரல் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அறை எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. தாம்பரத்திலிருந்து தினமும் ஜிஎஸ்டி சாலை நெரிசலில் இரண்டு மாதம் கூட்டிப்போக ஆள் வேண்டும். காப்பீடு ஏற்குமா என்பதையும் முன்பே கேளுங்கள்.

நாங்கள் ஆக்சிஜனைத்தான் எடுத்தோம், ஏனென்றால் அப்பாவுக்குச் சுவர் முழுக்கக் கசிந்தது. ஓரிரு புள்ளிகள்தான் என்றால் சுடவே சொல்லியிருப்பேன். பெருக்கெடுக்கும் ரத்தத்தை உடனே நிறுத்துவது ஆக்சிஜன் அறையின் வேலை அல்ல.

இரண்டுக்கும் மசியாதவர்களுக்கு ஃபார்மலின் என்ற ரசாயனத்தால் சிறுநீர்ப்பையைக் கழுவுதல், ரத்தக்குழாயை அடைத்தல், கடைசியாகச் சிறுநீர்ப்பையை எடுத்தல் எல்லாம் உண்டு. ஃபார்மலின் பையைச் சுருக்கிவிடும்; எனக்கு அது பயம்.

எதற்கும் முன்னால் சிஸ்டோஸ்கோபி கட்டாயம். கதிர்வீச்சு பெற்றவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புதிய புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்று அதிகம். அப்புறம், ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை போடுபவர்கள் ரத்தத்தைப் பார்த்துப் பயந்து தாங்களாக நிறுத்த வேண்டாம். இதய மருத்துவரிடம் அன்றைக்கே ஒரு போன் போடுங்கள்.