ஐப்பசி மழையில் குதிரைக்கு எது முதலில்: கூரையா, தரையா?

கொங்குப் பக்கம் தோட்டத்தில் ஒன்றிரண்டு குதிரை வைத்திருப்பவர்களில் பலர் ஆடியில் அந்தியூர் சந்தையிலோ அதையொட்டிய நாட்களிலோ வாங்கியிருப்பார்கள். அப்போது நிலம் கட்டாந்தரையாகக் கிடக்கும், சேறு என்ற நினைப்பே வராது. ஐப்பசியில் அடைமழை பிடித்து, வாசல் கேட்டுப் பக்கம் கணுக்கால் புதையச் சகதியான பிறகுதான் ஷெட் போடலாமா, எவ்வளவு ஆகும் என்ற பேச்சு தொடங்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் தரையைச் சரிசெய்யுங்கள், கூரை அடுத்த வருஷம். நனைந்த குதிரைக்கு நின்று காய ஓர் இடமிருந்தால் நம் சமவெளி வெப்பத்தில் அது சமாளித்துக்கொள்ளும். சேற்றில் நிற்கிற குதிரைக்குத் தலைக்கு மேல் எவ்வளவு நல்ல தகரம் இருந்தும் பயனில்லை. குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது பாதிதான் உண்மை. ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும், நாளுக்கு அரை மணி நேரமாவது, ஆனால் சொதசொதவென்ற இடத்தில் படுக்க அதற்குப் பிடிக்காது. நாள்கணக்கில் படுக்காவிட்டால் நின்றபடியே கண்ணயர்ந்து முன்கால் மடங்கிச் சரியும். முட்டியில் சிராய்ப்பைப் பார்த்துவிட்டு இன்னொரு குதிரையோடு சண்டை போட்டது போலிருக்கிறது என்று விட்டுவிடுவார்கள்.

அதோடு தோல் ஊறி, குளம்புக்கு மேலே பொருக்குப் பொருக்காகப் புண் வரும். டெர்மட்டோபிலஸ் என்ற பாக்டீரியா இதற்கு ஒரு முக்கியக் காரணம், வெள்ளைக்கால் குதிரைகளுக்கு அதிகம் வரும். தினமும் ஹோஸ் பைப்பில் கழுவிவிட்டு ஈரத்தோடு விடுவது இதைக் கூட்டத்தான் செய்யும். சேற்றைக் காயவிட்டு, பிரஷ்ஷால் உதிர்த்துவிடுவது நல்லது.

சரி, எந்தத் தரை? முழு மேய்ச்சல் காட்டுக்கும் எதுவும் செய்யத் தேவையில்லை. கேட்டு, தண்ணீர்த் தொட்டி, தீவனம் போடும் இடம், ஷெட்டின் வாசல் இந்த நான்கும்தான் மிதிபட்டுச் சேறாகும். ஆகவே இந்த நான்கையும் முடிந்தவரை ஒரே மேட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டால், செலவு செய்ய வேண்டிய பரப்பு பாதியாகக் குறையும். கேட்டு பள்ளத்தில் இருந்தால் அதை மேட்டுக்கு மாற்றுவதுதான் எல்லாவற்றையும்விட மலிவான வேலை.

பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது கட்டட இடிபாட்டை ஒரு லோடு வாங்கிக் கொட்டுவது. செம்மண்ணில் ஒரு பருவம் தாங்கலாம். கரிசலில் தாங்காது, ஏனென்றால் கரிசல் களிமண் தண்ணீரைக் குடித்து உப்பி இளகும்போது மேலே கிடக்கும் கல் ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே இறங்கும், சேறு கல்லிடுக்கு வழியாக மேலே வரும். அடுத்த ஐப்பசிக்கு அங்கே ஒரு லோடு கொட்டிய அடையாளமே இருக்காது. இதைவிடப் பெரிய ஆபத்து, இடிபாட்டில் ஆணி, கம்பி, ஓட்டுச்சில் எல்லாம் கலந்து வரும். குளம்படியில் ஏறிய ஓர் ஆணி குதிரையை மாதக்கணக்கில் முடக்கிவிடும், சில நேரம் உயிரையே எடுக்கும். யார் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

சிமென்ட் தளம் உறுதிதான், கூட்டிக் கழுவ வசதிதான். ஆனால் மூத்திரமும் மழையும் சேர்ந்தால் வழுக்கும், அதில் நாள் முழுக்க நின்றால் கால் மூட்டுகளுக்குக் கெடுதல். கோடு கோடாகக் காடி போட்டு, படுக்கும் இடத்தில் முக்கால் இஞ்ச் கனத்தில் ரப்பர் பாய் விரித்தால் நன்றாகவே வேலை செய்யும், அப்போது செலவு எங்கோ போய்விடும். குதிரையைக் குளிப்பாட்டவும் லாடம் அடிக்கவும் ஒரு சிறு மேடை சிமென்டில் இருக்கட்டும், அதற்கு மேல் எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

நான் சொல்வது துணி போட்ட ஜல்லித் தரை. ரோடு போடுகிறவர்கள் பயன்படுத்தும் ஜியோடெக்ஸ்டைல் துணிதான். அரை அடி முதல் முக்கால் அடி வரை இளகிய மேல்மண்ணை வழித்து எடுத்துவிட்டு, 10 அடிக்கு இரண்டரை இஞ்ச் வீதம் சரிவு வைத்து, துணியை விரித்து, அதன் மேல் ஒன்றரை இஞ்ச் ஜல்லி நாலைந்து இஞ்ச் கனத்துக்குப் பரப்பி ரோலர் ஓட்டி, கடைசியாகக் கிரஷர் தூள் இரண்டு இஞ்ச் போட்டு நனைத்து இறுக்க வேண்டும். தண்ணீர் துணி வழியே போகும், கல் கீழே போகாது, களி மேலே வராது. இந்த மூன்றுக்கும்தான் காசு. துணியை மிச்சம் பிடிக்கிறேன் என்று விட்டால் மீண்டும் இடிபாட்டுக் கதைதான். தென்னைநார் விரிப்பு பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். சரிவில் மண் அரிக்காமல் பிடிக்க அது அருமையான பொருள், ஆனால் மண்ணில் மக்கிவிடும், பல வருஷம் கல்லைத் தாங்க வேண்டிய இடத்துக்கு அது ஆகாது.

ஜல்லித் தரையிலும் ஒரு நிபந்தனை உண்டு: லத்தியைத் தினமும் அள்ள வேண்டும். ஒரு குதிரை நாளுக்கு 15 கிலோவுக்கு மேல் போடும். அள்ளாவிட்டால் அதுவே மக்கி மேலே ஒரு புதுச் சேற்றுப் படலமாகிவிடும், கீழே செய்த வேலை அத்தனையும் வீண்.

நார்க்கழிவு கூரைக்கு அடியில் படுக்கையாக நல்லது, தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை இழுக்கும். அதே காரணத்தால் வெட்டவெளியில் கொட்டினால் அது பஞ்சாக ஊறிக் கிடக்கும். காய்ந்தால் தூசு பறக்கும், இருமல் உள்ள குதிரைக்கு வேண்டாம். மணல் பரப்பினால் தீவனத்தை அதன் மேல் போடவே கூடாது, வைக்கோலோடு மணலும் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்து வயிற்றுவலி வரும்.

இப்போது கூரை. மரம் போதாதா என்று கேட்பவர்களுக்கு: வெயிலுக்குப் போதும், ஐப்பசிக்குப் போதாது. இந்த மழை இடியோடு வரும், தனி மரத்தடியில் ஒதுங்கிய ஆடு மாடுகள் மின்னலில் சாவது நம் ஊரில் நடப்பதுதான். தென்னந்தோப்பில் தேங்காயும் மட்டையும் வேறு விழும். வேலியோரம் அழகுக்கு அரளி வைத்திருந்தால் குதிரை ஒதுங்கும் பக்கத்திலிருந்து உடனே எடுத்துவிடுங்கள், அது கொடிய விஷம்.

நான்கு பக்கமும் அடைத்த லாயத்துக்கும் மூன்று பக்கம் அடைத்த திறந்த ஷெட்டுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. லாயத்தில் குதிரை நனையாது, நோயுற்ற குதிரைக்கும் குட்டி போடும் பெண்குதிரைக்கும் அது வேண்டும். ஆனால் மழை நான்கு நாள் விடாமல் பெய்தால் நான்கு நாளும் உள்ளேயே நிற்கும். மூத்திர நெடி நுரையீரலைக் கெடுக்கும், கால் வீங்கும், நடமாடிய குதிரையைத் திடீரென்று நிறுத்தினால் குடல் அடைத்துக்கொள்ளவும் கூடும். திறந்த ஷெட்டில் குதிரையே முடிவு செய்யும். தூறலில் வெளியே நிற்கும், காற்றோடு சாரல் அடித்தால் உள்ளே வரும். என் ஓட்டு இதற்குத்தான். ஒரு குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி, இரண்டுக்கு 12 அடிக்கு 24 அடி, திறந்த பக்கம் முழு நீளத்துக்கும் திறந்தே இருக்க வேண்டும். வாசலைக் குறுக்கினால் வலுத்த குதிரை அங்கே நின்றுகொண்டு மற்றதை உள்ளே விடாது, அல்லது உள்ளே மடக்கி உதைக்கும்.

எந்தப் பக்கம் திறப்பது? கோவை, பொள்ளாச்சி, உடுமலையில் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், ஐப்பசி மழை பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே தெற்கைத் திறந்து மற்ற மூன்றையும் அடைப்பதுதான் பொருத்தம். கார்த்திகை மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் உள்ளே வெயில் விழுந்து தரை காயும்.

கீற்றா தகரமா என்றால், கீற்று குளிர்ச்சி, மழைச் சத்தம் கிடையாது, ஆனால் இரண்டொரு வருஷத்தில் ஒழுகும், எலி சேரும், தீ பயம் உண்டு. தகரம் என்றால் உயரமாகப் போடுங்கள், 11 அடிக்குக் குறையாமல், இல்லாவிட்டால் மழை விட்ட மறுநாள் வெயிலில் உள்ளே வெந்துவிடும். இரண்டில் எதைப் போட்டாலும் கூரைத் தண்ணீரைக் கவனியுங்கள். 12க்கு 24 அடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,300 லிட்டருக்கு மேல் வழியும். தெற்கே சரித்தால் அத்தனையும் வாசலில் விழும். சரிவை வடக்கே வைத்து, தகரத்தின் விளிம்போரம் தண்ணீரை வாங்கும் தாரை கட்டித் தொட்டிக்கோ வாய்க்காலுக்கோ விட வேண்டும், கீற்றென்றால் அந்தப் பக்கம் ஒரு காடியாவது வெட்ட வேண்டும். ஷெட் போட்ட பிறகு சேறு கூடிவிட்டது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மழைப் போர்வை சமவெளியில் தேவைப்படாது, உள்ளே வேர்த்துப் புழுங்கும். ஊட்டியில் கிழட்டுக் குதிரைக்கோ மெலிந்த குதிரைக்கோ போடலாம், தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

மேய்ச்சல் காட்டைப் பொறுத்தவரை காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் கொரங்காடு என்ற மானாவாரி மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்கள் செய்வதையே செய்யலாம். முள்கிளுவை உயிர்வேலி போட்டுத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு மற்றதற்கு ஓய்வு கொடுப்பது. அங்கே மழை குறைவு, நிலம் செம்மண் சரளை, அதனால் சேற்றுக்காக அவர்கள் அதைச் செய்யவில்லை, ஆனால் கொழுக்கட்டைப்புல் வேர் அறுபடாமல் இருந்தால் நிலம் குதிரையின் மிதியைத் தாங்கும் என்பது கரிசலுக்கும் பொருந்தும். மழை பிடித்ததும் குதிரைகளை ஜல்லி முற்றத்துக்கு மாற்றிவிட்டு, இரண்டு மூன்று நாள் வெறித்த பிறகு மட்டும் காட்டில் விடுங்கள். முற்றத்தில் நிற்கும் நாட்களில் சோளத்தட்டும் வைக்கோலும் தாராளமாக வேண்டும், பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் மட்டும் ஒருபோதும் கூடாது, குதிரைக்கு அது மூளையையே தாக்கும்.

குத்தகை நிலம் என்றால் ஜல்லிக்குப் பணம் போட மனம் வராது. அப்போது கேட்டையும் தொட்டியையும் மேட்டுக்கு மாற்றி, மேல் பக்கத்திலிருந்து வரும் தண்ணீரைத் திருப்ப ஒரு முழம் ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, ஷெட்டைக் கழற்றி எடுக்கிற மாதிரி இரும்புக் குழாயில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். வாய்க்கால் வேலையைப் புரட்டாசி முதல் வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு கரிசலில் ஜேசிபியே இறங்காது.