தரவரிசையா, கூட்டு வேலையா? நெல்லையின் சின்ன டீம்களுக்கு எது சரி

கங்கைகொண்டானில் எல்காட் ஐடி பூங்கா இருக்கிறது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் 2011 முதல் சோஹோ இருக்கிறது. ஆனால் நான் பேச நினைப்பது பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் ஏழெட்டுப் பேரோடு நடக்கிற சின்ன சாஃப்ட்வேர் அலுவலகங்களைப் பற்றி. அங்கே டீமை எப்படி நடத்துவது என்பதில் இரண்டு வழிகள் மோதுகின்றன.

முதல் வழி, தரவரிசை. வருடக் கடைசியில் எல்லோரையும் மேலிருந்து கீழாக அடுக்கி, அதை வைத்து இன்கிரிமென்ட் கொடுப்பது. உழைத்தவர் கண்ணுக்குத் தெரிவார், சும்மா இருப்பவர் ஒளிய முடியாது என்பார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு உதவினால் என் இடம் இறங்கும் என்றால் யார் உதவுவார்கள்? மைக்ரோசாஃப்டே பல வருடம் வைத்திருந்த இந்த முறையை 2013 நவம்பரில் கைவிட்டது. ஆயிரக்கணக்கானோர் இருக்கும் இடத்தில் ஒருவர் போனால் இன்னொருவர் சமாளிப்பார். இங்கே பில்லிங் மாட்யூல், அதாவது சாஃப்ட்வேரில் பில் போடும் பகுதி, முழுக்க ஒரே ஆளின் தலைக்குள் இருக்கும். அவர் நல்ல சம்பளம் கிடைத்து நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டால், நோட்டீஸ் பீரியடின் கடைசி வாரத்தில் அவசரமாகக் கொடுக்கும் கேடி (KT, வேலையை அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுப்பது) எதற்கும் உதவாது.

இரண்டாவது வழி, கூட்டு வேலை: கோட் (code, நிரல்) எல்லோருக்கும் பொது என்று வைத்துக்கொள்வது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து ரிவியூ செய்த பிறகுதான் சர்வருக்குப் போகும். இது புதிய விஷயமே அல்ல. ஐபிஎம்மில் மைக்கேல் ஃபேகன் 1976-லேயே கோட் ஆய்வு முறையை எழுதி வெளியிட்டார். இன்னும் ஒரு படி மேலே, இருவர் ஒரே திரை முன் உட்கார்ந்து எழுதுவது. நேரம் இரட்டிப்பாகும் என்றுதான் முதலாளிகள் பயப்படுகிறார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் லாரி வில்லியம்ஸ் மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில் கூடுதலாக ஆனது சுமார் 15% நேரம்தான், பக்குகளும் (bugs, கோடில் உள்ள பிழைகள்) குறைந்தன. படிப்பு முடித்த கையோடு வரும் பிரெஷர்கள் அதிகம் சேரும் நம் ஊர் அலுவலகத்துக்கு அந்த 15% செலவு அல்ல, பெரிய லாபம். சீனியர் எப்படி யோசிக்கிறார் என்பதை எந்த டாக்குமென்டும் சொல்லித் தராது. பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் பிடிபடும். சரி, நாள் முழுக்க இப்படி உட்காரச் சொன்னால் சோர்ந்துவிடுவார்கள். சிக்கலான இடங்களுக்கு மட்டும் போதும்.

அப்படியானால் போட்டியே கூடாதா? கூடும், ஆனால் ஆட்களுக்குள் அல்ல, யோசனைகளுக்குள். தகவலை மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றி, இன்று வங்கிப் பரிமாற்றம் வரை காக்கும் ஏஇஎஸ் குறியாக்கம் அப்படித்தான் பிறந்தது. தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 1997-ல் அறிவித்த போட்டியில் ஏற்கப்பட்ட 15 வடிவமைப்புகளையும் உலகமே வெளிப்படையாக அலசியது. போட்டியாளர்களே ஒருவர் வடிவமைப்பில் ஒருவர் ஓட்டை தேடினார்கள். 2000-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த இருவரின் ரிஜ்ன்டேல் வென்றது. எல்லாரும் எல்லாவற்றையும் பார்க்க முடிந்ததால்தான் அந்த முடிவை நம்ப முடிந்தது. அதே போல ஒரு டீமுக்குள் இரண்டு வடிவமைப்புகள் மோதட்டும், தோற்றவரின் சம்பளம் மட்டும் குறையக் கூடாது.

சின்ன டீமுக்கு என் ஓட்டு இரண்டாவது வழிக்குத்தான். சும்மா இருப்பவர் ஒளிவார் என்ற கவலைக்கும் ரிவியூவே மருந்து, யார் என்ன எழுதினார் என்பது தினமும் தெரிந்துவிடுகிறது. வேலைக்குச் சேரப் போகிற தம்பி தங்கைகள் இன்டர்வியூவில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இன்கிரிமென்ட் எப்படி முடிவாகிறது? சீனியர் ஒரு வாரம் லீவு போட்டால் புது கோடை சர்வரில் ஏற்றி டிப்ளாய் செய்ய வேறு யாருக்குத் தெரியும்?