பைத்தான் மறக்காமலிருக்க ஆன்கி: ஒரு கணக்குக்காரியின் மதிப்புரை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். டேலியும் எக்செலும்தான் பொழுது முழுக்க. மாசக் கடைசி ரிப்போர்ட்டை பைத்தான் என்ற நிரல் மொழியில் எடுக்கலாம் என்று தெரிந்ததும் கற்க ஆரம்பித்தேன். வீடியோ பார்க்கும்போது எல்லாமே புரியும். ஜிஎஸ்டி தாக்கல், ஷிப்மெண்ட் என்று பத்து நாள் பைத்தான் பக்கம் போகாமல் இருந்துவிட்டுத் திரும்பினால் பாதி காணாமல் போயிருக்கும். அதற்காகத்தான் ஆன்கிக்கு வந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆன்கி என்பது கேள்வி பதில் அட்டைகளைக் காட்டும் மென்பொருள். டேமியன் எல்ம்ஸ் 2006-இல் வெளியிட்டது, திறந்த மூலம். மருத்துவ மாணவர்களிடம் ரொம்பப் பிரபலம். கேள்வியைப் பார்த்து மனதுக்குள் பதில் சொல்லி, அட்டையைத் திருப்பிச் சரிபார்த்து, அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி என்ற நான்கு பொத்தானில் ஒன்றை அழுத்த வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல அந்த அட்டை நாள், வாரம், மாதம் என்று தள்ளித் தள்ளி வரும். தவறினால் உடனே திரும்பி வரும். படித்தது நாளாக ஆக எப்படிக் கரைகிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து அளந்து 1885-இல் புத்தகமாகப் போட்டார். மறக்கப்போகிற நேரத்தில் ஒரு தட்டு தட்டி நினைவூட்டுவதுதான் ஆன்கியின் வேலை.

எங்கள் ஆபீஸ் மெர்ச்சண்டைசிங் தம்பி இதைப் பார்த்துவிட்டு, "எதுக்குக்கா மனப்பாடம்? கூகுள்ல தேடினா வந்துடுமே" என்றான். நியாயமான கேள்வி. ஒரு ஃபைலை எப்படித் திறப்பது என்பதைத் தேடிக்கொள்ளலாம்தான். அதற்கு நான் அட்டை போடுவதே இல்லை. ஆனால் 2.5-ஐ ரவுண்ட் செய்தால் எக்செல் 3 என்று சொல்லும், பைத்தான் 2 என்று சொல்லும். 3.5-க்கு இரண்டுமே 4. சரிபாதியில் நிற்கிற எண்ணை பைத்தான் பக்கத்து இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும், அதுதான் அதன் வழக்கம். பிழைச் செய்தி எதுவும் வராது. சிவப்பெழுத்தில் ஒன்றும் கத்தாது. வரிக் கணக்கு ஒரு ரூபாய் இடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியாதவர் கூகுளில் எதைத் தேடுவார்?

ஆகவே என் அட்டைகள் பெரும்பாலும் இந்த ஜாதி. 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.3-க்குச் சமமா? இல்லை, பைசா கணக்குக்கு டெசிமல் என்ற தனி எண் வகை வேண்டும். லிஸ்டிடம் (பல மதிப்புகளை வைத்திருக்கும் பட்டியல்) சார்ட், அதாவது வரிசைப்படுத்து, என்று சொன்னால் கையில் என்ன வரும்? ஒன்றும் வராது, அந்த லிஸ்டே வரிசை மாறியிருக்கும்; புது லிஸ்ட் வேண்டுமென்றால் சார்ட்டட். ஃபங்ஷனுக்கு (பெயர் சொல்லி அழைக்கிற சின்ன நிரல்) டிஃபால்ட்டாக, அதாவது நாம் எதுவும் கொடுக்காதபோது எடுத்துக்கொள்ள, ஒரு காலி லிஸ்ட் வைத்தால் அடுத்த அழைப்பில் என்ன ஆகும்? போன அழைப்பில் போட்டதெல்லாம் அதிலேயே இருக்கும், ஏனென்றால் அந்த லிஸ்ட் ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு முறைதான் பிறக்கிறது. கேள்வியைத் தமிழில் எழுதலாம், நிரல் வரிகளை (கோட்) அப்படியே ஒட்டலாம். "லிஸ்ட் என்றால் என்ன" போன்ற விளக்க அட்டைகள் வீண். நாலு வரி கோட் காட்டி "இது என்ன அச்சடிக்கும்" என்று கேட்கிற அட்டைதான் மூளையை வேலை வாங்குகிறது.

இணையத்தில் ஆயத்த பைத்தான் அட்டைக் கட்டுகள் நிறையக் கிடைக்கின்றன. இறக்கிப் பார்த்தால் யாரோ ஒருவருடைய பரீட்சைக் குறிப்பு மாதிரி இருக்கும். அட்டையை நாமே எழுதும்போதுதான் பாதிக்குமேல் மண்டையில் ஏறுகிறது. அதை விலைக்கு வாங்க முடியாது, இலவசமாகவும் கிடைக்காது.

அமைப்புகள் பக்கம் பயமுறுத்தும். மூன்றை மட்டும் பாருங்கள். புது அட்டை ஒரு நாளைக்கு 20 என்று வரும். வேலைக்குப் போகிறவர்கள் 5-ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். இன்றைய புது அட்டை அடுத்த மாதத்து வேலை, தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்தால் நூற்றுக்கணக்கில் குவிந்து நிற்கும். அதைப் பார்த்துத்தான் பலபேர் ஆப்பையே அழித்துவிடுகிறார்கள். இரண்டாவது, அட்டை எப்போது திரும்ப வர வேண்டும் என்று கணிக்கிற எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்குமுறை. 2023 கடைசியில் உள்ளே வந்தது, போட்டுக்கொள்ளுங்கள். எத்தனை சதவீதம் நினைவிருக்க வேண்டும் என்று அதனிடம் சொல்லலாம். 90-இல் விட்டுவிடுங்கள், 97 என்று ஆசைப்பட்டால் தினசரி அட்டைகள் தாறுமாறாக ஏறும். மூன்றாவது, அமைப்பு அல்ல, பழக்கம்: மறந்துவிட்டால் வெட்கப்படாமல் அகெய்ன் அழுத்துங்கள். ஹார்ட் என்பது "கஷ்டப்பட்டு ஞாபகம் வந்தது" என்று பொருள், அதுவும் தேர்ச்சிதான். மறந்ததற்கெல்லாம் அதை அழுத்தினால் கணக்கு முழுக்கக் குழம்பும்.

உற்சாகம் குறையாமல் இருக்க உதவுகிறதா? பாதி. பஸ்ஸில் பத்து நிமிஷத்தில் இன்றைய பங்கு முடிந்துவிடும், பைத்தானோடு தொடர்பு அறாது. ஆனால் அட்டையை மட்டும் புரட்டிக்கொண்டு கோடே எழுதாமல் நல்ல பிள்ளையாக நாளை ஓட்டிவிடவும் முடியும். ஆன்கிக்குள்ளே கோட் ஓட்டிப் பார்க்க வசதி கிடையாது. எனக்கு ஆர்வத்தைப் பிடித்துவைத்திருப்பது ஸ்டோர் ஆட்கள் அனுப்புகிற பேக்கிங் லிஸ்ட் ஃபைல்கள்தான். நான் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) அவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் நாளில் வருகிற சந்தோஷத்தை எந்த அட்டையும் தராது. அந்த ஸ்கிரிப்ட் எழுதும்போது எங்கே இடறுகிறதோ அங்கிருந்துதான் அடுத்த அட்டை வருகிறது.

தோற்றத்துக்கு மதிப்பெண் குறைவு, அரசு அலுவலகப் படிவம் தேவலை. விலை: கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஆண்ட்ராய்டில் ஆன்கிட்ராய்ட் என்று தேடுங்கள், தன்னார்வலர்கள் செய்வது. அதே மாதிரிப் பெயரில் மாதச் சந்தா கேட்கும் வேறு ஆப்புகளும் கடையில் உண்டு, ஏமாறாதீர்கள். ஐபோன் ஆப் மட்டும் ஒரே முறை கிட்டத்தட்ட 25 டாலர், அந்தக் காசில்தான் கணினி ஆன்கியின் வேலை ஓடுகிறது. அவ்வளவு கொடுக்க மனமில்லாதவர்கள் ஐபோனிலேயே ப்ரௌசரில் ஆன்கியின் இணையதளமான ஆன்கிவெப் திறந்து காசில்லாமல் படிக்கலாம், கொஞ்சம் வசதிக் குறைவு.

ஐந்துக்கு நாலு.