டி டிரைவிலிருந்து வெளி டிஸ்க்குக்கு: மூன்று வருட அனுபவம்

கணினியில் பத்திரிகை, நோட்டீஸ் பக்கங்களை வடிவமைக்கும் எங்கள் டிடிபி கடையில் "பேக்கப் எடுத்தாச்சா?" என்று கேட்டால், "டி டிரைவில் போட்டாச்சு" என்பதுதான் பல வருடங்களாக பதில். சி-யும் டி-யும் பெட்டிக்குள் இருக்கும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு பாகங்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. கணினி படுத்துக்கொண்டால் சி-யை ஃபார்மட் செய்துவிட்டு டி-யில் இருப்பதை வைத்து வேலையைத் தொடரலாம். பலமுறை அப்படித் தப்பித்திருக்கிறேன். தப்பித்துத் தப்பித்தே அசட்டுத் துணிச்சல் வந்துவிட்டது. 2022-ல் ஒருநாள் காலை டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தபோதுதான், போனால் இரண்டும் சேர்ந்தே போகும் என்பது உறைத்தது.

வீட்டில் ஒரு 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் இருந்தது. கணினியில் 931 ஜிபி என்றுதான் காட்டும், அது கணக்கு வித்தியாசம், குறை இல்லை. அதில் குடும்பப் படங்கள் 180 ஜிபி. டிவியில் செருகிப் பார்ப்பதற்காக ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் ஃபார்மட் செய்து வைத்திருந்தேன். கடை வேலைகளைப் போட ஆரம்பித்தால், 6 ஜிபி ஜிப் கோப்பு ஒன்று ஏற மறுத்தது. இடம் எக்கச்சக்கமாக இருக்கிறது, ஆனாலும் கோப்பு பெரிது என்கிறது. ஃபேட்32-ல் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருக்க முடியாது, அதுதான் காரணம்.

கேட்டவர்கள் எல்லோரும் ஃபார்மட் செய்யச் சொன்னார்கள். படங்களை என்ன செய்வது? விண்டோஸில் கன்வெர்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. உள்ளே இருப்பதை அழிக்காமல் ஃபேட்32-ஐ, பெரிய கோப்புகளையும் ஏற்கும் என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிவிடும். எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறையில் இருக்கும் டிஸ்க்குக்கு இது உதவாது. மாற்றியபின் இதே வழியில் திரும்பவும் முடியாது. எதற்கும் இருக்கட்டும் என்று முதலில் படங்களைத் தங்கையின் லேப்டாப்பில் ஒரு பிரதி போட்டுவிட்டு மாற்றினேன். ஒன்றும் தொலையவில்லை. எங்கள் டிவிதான் அதன்பிறகு அந்த டிஸ்க்கைக் கண்டுகொள்ளவே இல்லை. அதற்கு வீட்டில் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்தது நகர்த்துவது. கட் பேஸ்ட் பக்கமே போகவில்லை. நடுவில் கேபிள் ஆடினால் பாதி இங்கே பாதி அங்கே என்று நின்றுவிடும், எது வந்தது எது வரவில்லை என்று தேட வேண்டியிருக்கும். ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையைப் பயன்படுத்தினேன், விண்டோஸ் கூடவே வருவது. படிக்க முடியாத கோப்பு ஒன்று வந்தால் அது 30 விநாடிக்கு ஒருமுறை பத்து லட்சம் தடவை முயற்சி செய்யும், நாம் எதுவும் சொல்லாவிட்டால் அதுதான் கணக்கு. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் இப்படி விட்டால் விடிந்துவிடும், டிஸ்க்கும் போய்விடும். மறுமுயற்சி ஒன்று, காத்திருப்பு ஒரு விநாடி என்று குறைத்துவிட்டு, எது தவறியது என்பதை லாக் கோப்பில் எழுதச் சொன்னேன். 310 ஜிபியில் மொத்தம் பதினோரு கோப்புகள்தான் வரவில்லை.

முடிந்தபின் திறந்து பார்த்தால் ஃபோல்டரையே காணோம்! வயிறு கலங்கிவிட்டது. டி டிரைவை முழுதாக எடுத்து ஒரு ஃபோல்டருக்குள் போட்டதால், டிரைவின் உச்சியில் இருக்கும் வேர் ஃபோல்டருக்கு உரிய மறைப்புக் குணம் இந்தப் புது ஃபோல்டருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அட்ரிப் கட்டளையால் அதை நீக்கியதும் தெரிந்தது. இது தெரியாமல் இன்னொருமுறை காப்பி போட்டவர்களும் இருப்பார்கள்.

உண்மையான அடி மூன்றாவது மாதம் விழுந்தது, அதுவும் என் கையாலேயே. மாறியவற்றை மட்டும் புதுப்பிக்க ரோபோகாப்பியை மிரர் முறையில் ஓட்டுவேன். மிரர் என்றால் மூலத்தில் இல்லாதது சேரும் இடத்திலும் இருக்கக் கூடாது என்று அர்த்தம். ஒருநாள் அவசரத்தில் சேரும் இடமாக ஃபோல்டர் பெயரை விட்டுவிட்டு டிரைவ் எழுத்தை மட்டும் அடித்துவிட்டேன். திரையில் 'எக்ஸ்ட்ரா' என்று வரிவரியாக ஓடியது. அதென்ன என்று யோசித்து நிறுத்துவதற்குள் இரண்டு வருடப் படங்கள் போய்விட்டன. ரீசைக்கிள் பின்னிலும் இருக்காது. தங்கை லேப்டாப்பில் போட்ட பிரதிதான் காப்பாற்றியது. அதற்குப்பின் சேர்த்த மூன்று மாதப் படங்கள் மட்டும் இல்லை. அதிலிருந்து இந்தக் கட்டளையைக் கையால் அடிப்பதில்லை, கட்டளையை எழுதிவைத்த பேட்ச் கோப்புதான். அதில் எதை மாற்றினாலும் முதலில் 'பட்டியல் மட்டும்' என்ற எல் சுவிட்ச் போட்டு ஓட்டிப் பார்ப்பேன். என்னவெல்லாம் அழியும் என்று காட்டும், அழிக்காது.

தமிழில் டிடிபி செய்பவர்களுக்கு இன்னொன்று. பழைய பத்திரிகைகள், நோட்டீஸ்கள் எல்லாம் எங்களிடம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு இல்லையென்பதால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா'கூட ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். எழுத்துருக்களோ சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருப்பவை. வேலைகளை மட்டும் பத்திரமாக நகர்த்திவிட்டு டிஸ்க்கை மாற்றியிருந்தால், கோப்புகள் எல்லாம் இருக்கும், படிக்கத்தான் முடியாது. நான் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்தே எடுத்துவைத்தேன். இடத்தை மிச்சம் பிடிக்க, நாங்கள் வடிவமைக்கும் கோரல்டிரா மென்பொருள் தானாகப் போட்டுவைக்கும் 'பேக்கப் ஆஃப்' கோப்புகளை விட்டுவிட்டேன்.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. டிஸ்க் நன்றாகத்தான் ஓடுகிறது. கேபிள்தான் தொல்லை, அந்த அகலமான தட்டை முனை தளர்ந்து இருமுறை மாற்றிவிட்டேன். நீல நிற யுஎஸ்பி 3 துளையில் செருகினால் அரைமணி நேரத்தில் முடியும் வேலை, பழைய துளையில் செருகினால் சாப்பிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். எப்போதும் செருகியே வைப்பதில்லை. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். சாயங்காலம் செருகி, ஓட்டி, கழற்றிவிடுவேன்.

மிரரில் ஒரு குறை. மூலக் கோப்பு கெட்டுப்போனால் அந்தக் கெட்டதையே பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால் நடப்பு வேலைகளுக்கு மட்டும் விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரியையும் வைத்திருக்கிறேன். கோப்புப் பெயரோடு தேதி நேரம் சேர்த்துப் பழைய பதிப்புகளை வைத்திருக்கும். "முதலில் காட்டினீங்களே, அந்த டிசைனே இருக்கட்டும்" என்று வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது அருமையாக உதவுகிறது. பதிப்புகளை 'எப்போதும்' வைத்திருப்பதுதான் அதன் இயல்பு அமைப்பு. நான் ஒரு வருடமாகக் குறைத்த பிறகுதான் டிஸ்க்கில் மூச்சுவிட இடம் கிடைத்தது.

பெட்டிக்குள் இருந்த பழைய டிஸ்க்கைக் கழற்றி நான்கு மாதம் மேசை டிராயரில் வைத்திருந்தேன். அந்தப் பதினோரு கோப்புகளை யாரும் கேட்டு வரவில்லை.