டீசல் பிக்கப்பின் பிளாஸ்டிக் டாங்க்: மருந்து ஊற்றுவதா, வண்டியிலேயே துடைப்பதா, இறக்கிக் கழுவுவதா?

டீசல் ஃபில்டர் மாற்றிச் சில நாள்கூட ஆகவில்லை, மேடு ஏறும்போது வண்டி மறுபடி திணறுகிறது. கழற்றிப் பார்த்தால் ஃபில்டர் கறுத்து வழவழவென்று இருக்கிறது. அழுக்கு டாங்கில்தான் என்று தெரிந்துவிட்டால், பெரும்பாலும் எது சுலபமோ அதில்தான் முதலில் கை வைக்கிறோம். டீசலில் கலக்கும் மருந்து ஒரு பாட்டில் வாங்கி ஊற்றுகிறோம். அந்த வரிசையே தவறு என்பது என் கருத்து. உள்ளே கிடப்பது என்னவென்று பார்த்துவிட்டுத்தான் வழியை முடிவுசெய்ய வேண்டும்.

டாங்கின் அடிமட்டத்திலிருந்து அரை லிட்டர் உறிஞ்சி, கண்ணாடிப் பாட்டிலில் ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். டீசலைவிடக் கனமான தண்ணீர் கீழே தங்கிவிடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பழுப்பாகவோ கறுப்பாகவோ ஜவ்வு தெரிந்தால் அது பாக்டீரியா, பூஞ்சைகளின் வேலை. அவை தண்ணீரில் வாழ்ந்து டீசலைத் தின்று பெருகுபவை. பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, ஆகவே துருத்தூள் வந்தால் அது டீசல் நிரப்பும் குழாயிலிருந்தோ, டீசல் வைத்திருந்த இரும்புப் பீப்பாயிலிருந்தோ வந்திருக்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் டாங்கைக் கழுவிப் பயனில்லை.

இனி மருந்து. கிருமிக்கொல்லி கிருமியைக் கொல்லும், சடலத்தை அகற்றாது. செத்த ஜவ்வு சுவரிலிருந்து உரிந்து மொத்தமாக ஃபில்டருக்கு வரும். தண்ணீரும் அங்கேயே இருக்கும். தண்ணீரை டீசலோடு கலக்கவைக்கும் மருந்துகளை நான் தொடவே மாட்டேன். கலந்த நீர் ஃபில்டரைத் தாண்டி, 1,500 பாருக்கு மேல் அழுத்தத்தில் இயங்கும் காமன் ரயில் (எல்லா சிலிண்டருக்கும் பொதுவான உயரழுத்தக் குழாய்) பம்புக்கும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் போய்ச் சேரும். டாங்க் சுத்தமான பிறகு, வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும்போது கிருமிக்கொல்லி நல்ல காவல். கழுவும் வேலையை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது.

டாங்கை வண்டியிலேயே வைத்துத் துடைப்பதை அப்படித் தள்ளிவிட முடியாது. டீசல் அளவு காட்டும் மிதவையும் உறிஞ்சு குழாயும் பொருத்திய மூடி பெரும்பாலும் டாங்கின் மேல்பக்கம், லோடு பாடிக்குக் கீழே இருக்கும். பாடி போல்ட்டுகள், டீசல் வாய், பின்விளக்கு வயர், எர்த் வயர் எல்லாவற்றையும் கழற்றி, நாலு பேர் சேர்ந்து பாடியைத் தூக்கினால் வழி திறந்துவிடும். டாங்கை இறக்குவதைவிட இது சில வண்டிகளில் எளிது. கைப்பம்பால் வடித்து, நூல் உதிராத துணியால் அடியைத் துடைக்கலாம். மணல், கொஞ்சம் தண்ணீர், தவறிப் போட்ட பெட்ரோல் இவற்றுக்கு இது போதும். ஆனால் டீசல் அலைபாயாமலிருக்க உள்ளே வைத்த தடுப்புகளுக்குப் பின்னால் கை போகாது. ஜவ்வு ஒட்டியிருப்பதும் அங்கேதான். வீட்டு வேக்குவம் கிளீனரால் உறிஞ்சவே வேண்டாம், அதன் மோட்டார் பொறி விடும். பெட்ரோல் கலந்த டீசலின் ஆவி எளிதில் பற்றிக்கொள்ளும்.

ஜவ்வு என்று உறுதியானால் என் தேர்வு இறக்கிக் கழுவுவதுதான். 100 லிட்டர் டீசல் ஏறக்குறைய 84 கிலோ. முழுக்க வடித்த பிறகே டாங்கைத் தாங்கும் பட்டைகளைத் தளர்த்துங்கள். பலகை வைத்த ஜாக்கியில் மெல்ல இறக்குங்கள். வெதுவெதுப்பான நீரும் பாத்திர சோப்பும் ஊற்றி, உருட்டிக் குலுக்கி, நீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். இரும்பு டாங்குக்குச் செய்வதுபோல் ஜல்லியோ சங்கிலியோ போட்டுக் குலுக்கினால் பிளாஸ்டிக் கீறும், தடுப்புகள் உடையும். நீராவியும் வெப்பக் காற்றும் சுவரை இளக்கிவிடும். பெட்ரோல் ஊற்றி அலசுவது ஆபத்து. எத்தனை முறை அலசினாலும் டீசல் வாசனை போகாது. பிளாஸ்டிக் அதை உறிஞ்சியிருக்கிறது, அதை அழுக்கு என்று எண்ண வேண்டாம். கழுவுவதைவிட உலர்த்துவதில்தான் பொறுமை வேண்டும். சாதாரணக் காற்றை ஒரு நாளாவது உள்ளே ஓடவிடுங்கள். மூலையில் தங்கும் ஈரம்தான் அடுத்த ஜவ்வுக்கு விதை.

புகையைச் சுத்தப்படுத்தத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டிய டிஇஎஃப் எனும் யூரியா கரைசலை டீசல் வாயில் ஊற்றிவிட்டாலும் இதே வழிதான். யூரியா டீசலில் கரையாது, தண்ணீரில் கரையும். சாவியைக்கூடத் திருப்பாமல் இருந்தால் கேடு டாங்கோடு நிற்கும்.

சுவரில் வெடிப்பு கண்டால் கழுவும் செலவே வீண். ஒட்டுப்போட்ட எரிபொருள் டாங்கை நான் நம்புவதில்லை, புதிது வாங்குங்கள்.

திரும்பப் பூட்டும்போது மூடியின் ரப்பர் வளையம் புதிதாக இருக்கட்டும். பழையது டீசலில் ஊறி உப்பியிருக்கும், சரியாக உட்காராது. உறிஞ்சு குழாயின் வலையையும், டீசல் போகும் வரும் குழாய்களையும் கழுவாமல் விட்டுவிட்டால் பழைய ஜவ்வு புது டீசலுக்குள் வந்துவிடும். புது ஃபில்டர் போட்டு, வண்டியிலேயே கைப்பம்பு இருந்தால் அதை அழுத்தி, டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் டாங்க் டீசல் தீர்ந்ததும் அந்த ஃபில்டரைக் கழற்றி வெட்டி, மடிப்புகளை விரித்துப் பாருங்கள். கறுப்பு வழவழப்பு இன்னும் இருந்தால் தடுப்புகளுக்குப் பின்னால் ஏதோ மிச்சம் இருக்கிறது.