வாள் ஐந்தைக் காட்டி என் கோபத்தை எனக்கே விற்றவர்

யார் மீதாவது தீராத கோபத்தில் இருக்கிறீர்களா? அந்தக் கோபம் ஆறும்வரை டாரோ கார்டு, அதாவது படச்சீட்டு எடுத்துக் குறி சொல்பவர் பக்கம் போகாதீர்கள். போயே தீருவேன் என்றால் இதைப் படித்துவிட்டாவது போங்கள். நான் மூன்று மாதத்தில் ஏழு முறை பணம் கட்டியவள்.

பல ஆண்டுப் பழக்கமுள்ள தோழி ஒருத்தியும் நானும் சேர்ந்து ஒரு சிறு தொழில் தொடங்கினோம். ஒரு நாள் வாடிக்கையாளர் பட்டியலையும் வந்திருந்த முன்பணத்தையும் எடுத்துக்கொண்டு அவள் தனியே போய்விட்டாள். எனக்குத் தூக்கம் போயிற்று. குளிக்கும்போதுகூட அவளிடம் பேசவேண்டிய வசனங்களை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் இணையத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. துரோகம் செய்தவருக்கு என்ன நடக்கப்போகிறது என்று சீட்டு சொல்லுமாம்.

முன்பதிவுப் படிவத்தில் மனதை அழுத்தும் விஷயத்தை விரிவாக எழுதச் சொன்னார்கள். கேட்டதுதான் தாமதம், இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். தோழியின் குணம், சண்டையின் காரணம், யார் என் பக்கம், யார் சமாதானம் சொல்கிறார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. பிறகு சீட்டு வாசிப்பவர் சீட்டைப் பார்த்து அதையே திருப்பிச் சொன்னபோது எனக்கு மெய்சிலிர்த்தது. சிரிக்காதீர்கள், கோபத்தில் இருப்பவருக்குத் தான் எழுதியதே மறந்துபோகும்.

வீடியோ அழைப்பில் அவர் முகம் தெரியாது. மேசையும் இரண்டு கைகளும் மட்டும்தான். மூன்று சீட்டு வைத்தார். முதலாவது 'வாள் ஐந்து' என்ற சீட்டு. கிழிந்த மேகங்களுக்குக் கீழே ஒருவன் மூன்று வாள்களை வைத்துக்கொண்டு இளக்காரமாகச் சிரிக்கிறான். இரண்டு வாள்கள் தரையில் கிடக்கின்றன. பின்னால் இருவர் முதுகைக் காட்டியபடி நீர்க்கரையை நோக்கிப் போகிறார்கள். "சிரிப்பவள் உங்கள் தோழி, தலைகுனிந்து போவது நீங்கள்" என்றார். அடுத்தது தலைகீழாக விழுந்த 'நீதி' சீட்டு. "உங்களுக்கு நியாயம் மறுக்கப்பட்டிருக்கிறது." மூன்றாவது 'கோபுரம்' சீட்டு. இடி விழுகிறது, உச்சியிலிருந்த கிரீடம் தெறிக்கிறது, இரண்டு பேர் கீழே விழுகிறார்கள். "அவள் அழிவு தொடங்கிவிட்டது" என்றார். இரண்டு பேர் விழுகிறார்களே, இன்னொருவர் யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்துக்காகவே மறுபடி பணம் கட்டினேன்.

இரண்டாவது அமர்விலும் வாள் ஐந்து. மூன்றாவதிலும், நான்காவதிலும் முதல் சீட்டு அதுவேதான். "பாருங்கள், பகை உங்களைவிட்டுப் போக மறுக்கிறது" என்றார். பகையைத் திருப்பி அனுப்பும் சடங்கு ஒன்று உண்டாம்; ஏழு கட்டமாகச் செய்யவேண்டுமாம்; கட்டத்துக்கு ஒரு கட்டணமாம். தோழி என்னிடமிருந்து எடுத்துப்போனதைவிட அதிகமாக இந்தச் சடங்குக்கு அழுதிருக்கிறேன் என்பது பின்னால் கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஐந்தாவது அமர்வில் நடந்தது. வாள் ஏழு வந்தது. கூடாரங்களுக்குப் பக்கத்தில் ஒருவன் ஐந்து வாள்களை அள்ளிக்கொண்டு, திரும்பிப் பார்த்தபடி நுனிக்காலில் நழுவுகிறான். "உங்கள் வீட்டுக்குள்ளேயே ஒருவர் அவளுக்கு உளவு சொல்கிறார். வயதில் மூத்தவர், ரத்த உறவு, உங்களைப் பொறுத்துப் போகச் சொல்பவர்." என் பெரியம்மா மகள் நினைவுக்கு வந்தார். "விட்டுவிடு, உன் வேலையைப் பார்" என்று ஓயாமல் சொன்ன ஒரே ஆள் அந்த அக்காதான். படிவத்தில் நானே அதை எழுதியிருந்தேன். அன்றே அக்காவின் எண்ணைத் தடை செய்தேன். என் கோபம் தணிந்தால் யாருக்கு வருமானம் போகும் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஏழாவது அமர்வோடு கையில் பணம் தீர்ந்துவிட்டது. நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். குரல் மாறியது. "பாதியில் விட்டால் அனுப்பிய பழி உங்கள் மேலேயே திரும்பும்" என்றார். பயத்தில் கடன் கேட்க அக்காவையே கூப்பிட்டேன். கேட்டுவிட்டு அக்கா ஒரே கேள்வி கேட்டார்: "அந்த அழைப்பையெல்லாம் பதிவு செய்திருக்கிறாயா?"

செய்திருந்தேன். இருவரும் உட்கார்ந்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம். சீட்டுக்கட்டின் மேல் சீட்டில், மூலையில் வெள்ளையாக ஒரு மடிப்புத் தெரிகிறது. எத்தனை முறை கலைத்தாலும் அந்தச் சீட்டு மேலே அப்படியே இருக்கிறது. திருப்பினால் வாள் ஐந்து. ஒரு கட்டில் 78 சீட்டுகள். ஒழுங்காகக் கலைத்தால் குறிப்பிட்ட ஒன்று முதலாவதாக வர 78-ல் 1 வாய்ப்பு. ஒரு முறை வந்தது அடுத்த மூன்று முறையும் தொடர்ந்து வர 4,74,552-ல் 1.

கோபம் இப்போது சீட்டுக்காரர் மேல் திரும்பிவிட்டதால் நானே ஒரு கட்டு வாங்கினேன். பழிவாங்கல் என்ற பெயரில் அதில் சீட்டே இல்லை. இந்தச் சீட்டுகள் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் விளையாடுவதற்காகப் பிறந்தவை; குறி சொல்ல எடுத்துக்கொண்டது 18ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. நான் மேலே சொன்ன படங்கள் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909-ல் லண்டனில் வெளியானவை. வாள் வரிசையில் மட்டும் 14 சீட்டுகள். யாரும் ஏமாற்றாமல் பத்துச் சீட்டு விரித்தாலே, பத்துக்கு எட்டு முறைக்கு மேல் ஒரு வாளாவது வந்துவிடும். கோபக்காரருக்குப் பகையைக் காட்ட மடிப்புகூடத் தேவையில்லை; மடிப்பு வைத்தது அவருடைய சோம்பேறித்தனம்தான்.

வாள் ஐந்தை மேசையில் வைத்து நிறைய நேரம் பார்த்தேன். யார் தோழி, யார் நான் என்று படத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. வெற்றுக் களத்தில் வாள்களைப் பொறுக்கிக்கொண்டு நிற்பவன், பேசவந்த அக்காவை விரட்டியடித்த என்னைப் போலவும் இருந்தான். நேர்மையாக வாசிப்பவர் என்றால் மூவரில் நீங்கள் யார் என்று முதலில் கேட்டிருப்பார் என நினைக்கிறேன். இவர் எனக்கு இடம் ஒதுக்கியே கொடுத்துவிட்டார்.

பணம் திரும்பவில்லை. ரசீது கிடையாது, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்பச் சொன்னார், நானும் அனுப்பினேன். வங்கியில் முறையிட்டபோது நீங்களே மனமுவந்து அனுப்பியதுதானே என்று கேட்டார்கள். உங்களிடமும் கணக்கின் பெயர் மாறிக்கொண்டே இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சடங்கை நிறுத்தினால் கெடுதி வரும் என்று மிரட்டினால் அந்தப் பதிவை அழிக்காமல் வையுங்கள். காவல்துறையில் காட்ட என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

போன வாரம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. "உங்களை நினைத்து இன்று ஒரு சீட்டு எடுத்தேன், கட்டணம் வேண்டாம்." கூடவே ஒரு புகைப்படம். வாள் ஐந்து. மூலையில் அதே வெள்ளை மடிப்பு.