கலர் முக்கோணமா, சிவப்புக் கட்டமா?

என் போனில் இரண்டு படங்கள் கிடக்கின்றன. ஒன்று சேரன்மகாதேவி உரக்கடையில் எடுத்த பூச்சிமருந்துப் பாட்டில். மற்றது, பேட்டைப் பக்கம் நான் ஸ்டோர் பார்க்கிற யூனிட்டுக்கு வந்து இறங்கிய இறக்குமதி ஆசிட் கேன். இரண்டிலும் ஆபத்தைச் சொல்ல, முனையில் நிற்கிற சதுரம் உண்டு. தூரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். பேசுகிற பாஷைதான் வேறு.

பாட்டிலில் இருப்பது நம் நாட்டு முறை. 1968 பூச்சிக்கொல்லிச் சட்டம், அதற்கு 1971இல் வந்த விதிகள். சதுரத்தின் கீழ்ப்பாதி முக்கோணத்துக்குக் கலர், மேல்பாதியில் எச்சரிக்கைச் சொல். கலருக்குக் கணக்கு எலியை வைத்துத்தான்: வாய்வழியாகக் கொடுத்தால் பாதி எலிகள் சாக, உடல் எடையில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் வேண்டும்? 50 வரை சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. தோலில் பட்டால் என்ன என்பதற்குத் தனி அளவு உண்டு. சிவப்புக்கு மட்டும் மண்டை ஓடு.

கேனில் இருப்பது ஐ.நா. 2003இல் வெளியிட்ட உலகப் பொதுமுறை. சிவப்புக் கட்டத்துக்குள் ஒன்பது படங்கள், ‘அபாயம்’, ‘எச்சரிக்கை’ என்று இரண்டே சொற்கள், கீழே வாக்கியங்கள்.

வயலுக்கு எது உதவும்? பிசான நெல்லுக்கு மருந்து அடிக்க வருகிற பெரியவரிடம் இரண்டு படங்களையும் காட்டினேன். சிவப்பு, மஞ்சள் என்றதும் தலையாட்டினார். நாள்பட்ட கேட்டுக்கு உலக முறை போடுகிற, நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனிதனைப் பார்த்து, “இது யாரு தம்பி, சாமியா?” என்றார். கலருக்கு வாத்தியார் தேவையில்லை. உலக முறைக்குத் தேவை.

ஆனால் அந்தச் சுலபத்திலேயே ஒரு கோளாறும் இருக்கிறது. அதே பெரியவர் பச்சையைக் காட்டி, “இதுல பயமில்ல” என்றார். பிஸ்கட் பாக்கெட்டில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி பார்த்துப் பழகிய கண். கடை அண்ணாச்சி சொன்னது இன்னும் மோசம்: சிவப்பு என்றால் ‘வேகமான மருந்து’ என்று கேட்டு வாங்குகிறவர்களும் உண்டாம்!

கலர் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: உடனே ஆளைக் கொல்ல எவ்வளவு வேண்டும்? பத்து வருடம் கழித்து வருகிற புற்றுநோய், வயிற்றுப் பிள்ளைக்கு வருகிற கேடு, கன்னடியன் கால்வாயில் டேங்க் கழுவினால் மீனுக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த முக்கோணத்துக்குள் கிடையாது. பாராகுவாட் களைக்கொல்லியைப் பாருங்கள். நுரையீரலைக் கெடுத்துக் கொல்வது, மாற்று மருந்து இல்லாதது. நம் ஊரில் அதற்கு மஞ்சள். ஐரோப்பிய வகைப்பாட்டில் மண்டை ஓடு, நெஞ்சு நட்சத்திரம், செத்த மீனும் பட்ட மரமும் மூன்றும் சேர்ந்து வரும்.

உடனே உலக முறைதான் கறார் என்று சொல்லிவிட வேண்டாம். 400 மில்லிகிராமில் கொல்லும் ஒரு சரக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நம் விதி மஞ்சள் போட்டு, சிவப்பு எழுத்தில் ‘விஷம்’ என்று எழுதச் சொல்கிறது. உலக முறையில் 300ஐத் தாண்டினால் மண்டை ஓடு போய் ஆச்சரியக்குறி வந்துவிடும். இந்த இடத்தில் எனக்கு நம்முடையதுதான் பிடிக்கிறது. அமெரிக்காவே தொழிற்சாலை ரசாயனங்களுக்கு 2012இல் உலக முறையை எடுத்தபோதும், பூச்சிமருந்துச் சீட்டைப் பழையபடியே விட்டுவைத்தது.

தொழிற்சாலைக் கதை வேறு. போபாலுக்கு அப்புறம் 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில், ஆபத்து விவரங்களை நிர்வாகம் வெளியே சொல்ல வேண்டும் என்கிற 41பி பிரிவைச் சேர்த்தார்கள். 1989இல் அபாய ரசாயனங்களுக்கான விதிகள் வந்தன. உலக முறைக்கு 14 வருடம் மூத்தவை. கேனில் என்ன இருக்கிறது, தயாரித்தவர் பெயர், முகவரி, ரசாயன, நச்சுத்தன்மை விவரங்கள் வேண்டும் என்கிறது 17ஆம் விதி. படம் வேண்டும் என்று சொல்லவில்லை. விளைவு என்ன? எங்களுக்கு வந்த உள்ளூர் கேன் ஒன்றில் மார்க்கரால் ‘ஆசிட்’ என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த ஆசிட் என்பதை இறக்கியவரிடம் கேட்டால், “பாத்ரூம் கழுவுறதுதான் சார்” என்றார். இறக்குமதிக் கேனில் கையையும் இரும்பையும் அரிக்கிற படம் இருந்தது. அதை லோடுமேனுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. டிரம், கேன் விஷயத்தில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை, உலக முறைதான்.

ரசாயனத்தோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளிலும் அப்படியே. நம் 1989 விதிகளின் ஒன்பதாம் அட்டவணைத் தாளில் கொதிநிலை, நீராவி அழுத்தம் எல்லாவற்றையும் தாண்டித்தான் முதலுதவி வரும். உலகத் தாளில் 16 பகுதி. ஆபத்து இரண்டாவது, முதலுதவி நான்காவது. கண்ணில் தெறித்தவனைக் குழாயடிக்குக் கூட்டிப் போகிற நேரத்தில் யாரும் கொதிநிலை தேட மாட்டார்கள். 2020இல் சுற்றுக்கு விட்ட ரசாயன விதிகளின் வரைவும் இந்த வழியில்தான் போகிறது.

ஆனால் மொழியில் நம் பூச்சிமருந்துப் பாட்டில் ஜெயிக்கிறது. அதனோடு வரும் துண்டுத்தாளில் வட்டார மொழியும் வேண்டும் என்று விதியே இருக்கிறது. எழுத்து எறும்பு சைஸில் இருக்கும், அது வேறு. எங்கள் ஸ்டோருக்கு வரும் 16 பகுதித் தாள் முழுக்க ஆங்கிலம். ஐரோப்பாவில் அந்தந்த நாட்டு மொழியில் கொடுத்தாக வேண்டும். இங்கே வருவது ஆங்கிலம்தான் என்பதால் இரண்டாவது, நான்காவது பகுதிகளை மட்டும் தமிழில் பெரிதாக எழுதி, கண் கழுவும் குழாய்க்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.